ஏழு நிமிடங்கள்

முல்லைப்பாட்டு நடத்திப் பிழைக்கும் தமிழாசிரியன் ஒருவன் கணினிக் கடிகாரங்களைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்புத்தான். கணினியில் எனக்குத் தெரிந்தவை தமிழ்த் தட்டச்சும் மின்னஞ்சலும் மட்டுமே. அதற்குமேல் ஏதேனும் தேவைப்பட்டால் கணினித்துறைத் தம்பி ஒருவரைத் தேடிப் போவேன். ஆயினும் சில ஆண்டுகளாக ஏழு நிமிடங்கள் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கின்றன. அவற்றை எழுதி இறக்கிவைக்க இதைவிடத் தக்க இடம் எனக்குத் தெரியவில்லை.

என் ஊர் ராதாபுரம். வரகுணபாண்டீசுவரர் கோயில், செம்மண் நிலம், பனைகள், அந்தப் பனைகளையும் சிறியவையாக்கிவிட்டு நிற்கும் காற்றாலைகள் ஆகியவையே எங்கள் பக்கத்து அடையாளம். நான் பணிபுரியும் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நடந்தது எங்கும் நடக்கக்கூடியது; பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை. கல்லூரி மூடிக்கிடந்தது, அகமதிப்பீட்டுத் தேர்வுகள் இணையவழியில் நடந்தன. காலை பத்து மணிக்கு வினாத்தாள் திறக்கும். பன்னிரண்டு மணிவரை எழுதலாம். பிறகு அரைமணி நேரத்தில் விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பிவிட வேண்டும். பன்னிரண்டரைக்குமேல் வந்தால் சுழியம். விதி எளிமையானது, அதை வகுத்த குழுவில் நானும் இருந்தேன்.

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. கடற்கரைப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர். தந்தை காற்றாலைப் பண்ணை ஒன்றில் இரவுக் காவலர். அவருடைய கைபேசிதான் வீட்டில் இருந்த ஒரே கைபேசி. அவர் உறங்கும் பகற்பொழுதில் அது அவளுடையது. வீட்டுக்குள் இணைப்புக் கிடைக்காது. ஆகவே எழுதி முடித்துப் படமெடுத்துக்கொண்டு செம்மணல் மேட்டின்மேல் ஏறி நின்று அனுப்புவாள். அன்றும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். எங்கள் வழங்கியில் (செர்வர் என்றால்தான் பலருக்கும் புரியும்) அவளுடைய விடைத்தாள் வந்துசேர்ந்த நேரம் 12.34 என்று பதிவாகியிருந்தது.

மறுநாள் என்னை அழைத்தாள். "ஐயா, நான் அனுப்பும்போது மணி 12.27தான் ஐயா. போன்ல அப்படித்தான் காட்டிச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், அனுப்பட்டா?" என்றாள்.

நான் சொன்ன மறுமொழியை ஓரெழுத்துக்கூட மறக்கவில்லை. "வேண்டாம் அம்மா. கைபேசி மணியை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சற்று நேரம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சரி ஐயா" என்று வைத்துவிட்டாள்.

*

அவ்வாண்டு டிசம்பரில் கணினித்துறைத் தம்பி ஒரு மாலைப்பொழுதில் என் அறைக்கு வந்தார். கல்லூரியின் கணினிக்குள் யாரோ நுழைய முயன்றிருப்பதாக ஐயம் எழுந்து, மூன்று வழங்கிகளின் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். வினாத்தாள் கொடுப்பது ஒரு வழங்கி. விடைத்தாள் வாங்குவது இன்னொன்று. மதிப்பெண்ணைச் சேமிப்பது மூன்றாவது. நுழைய முயன்றவன் எந்த வாசலை முதலில் தட்டினான் என்று அறிவது அவர் நோக்கம். ஆனால் பதிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருந்தன. மூன்றாவதைத் தட்டிய பிறகு இரண்டாவதைத் தட்டியவன், இரண்டாவதில் பல நிமிடங்கள் கழித்துத் தட்டியதாகக் காட்டியது. காரணம் எளிது. இரண்டாவது வழங்கியின் கடிகாரம் அன்றைய தேதியில் பதினொன்றரை நிமிடம் விரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, போன வருசம் ஜூன்ல புது ஃபயர்வால் போட்டோம்லா. அன்னைக்கு நேரம் கேக்குற வழியையும் சேத்து அடச்சிட்டாங்க போல. மத்த ரெண்டும் வேற வழியா நேரம் வாங்கிக்கிட்டு. இது மட்டும் யாரையும் கேக்காம தானா ஓடியிருக்கு" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "மே மாசம் அந்தப் பிள்ளை ஒண்ணு சொல்லிச்சுன்னீங்கள்லா, கணக்குப் போட்டுப் பாத்தேன். அன்னைக்கு ஏழு நிமிசம் ஃபாஸ்ட்" என்றார்.

12.34இல் ஏழைக் கழித்தால் 12.27.

அன்று தாமதம் என்று தள்ளப்பட்ட விடைத்தாள்கள் நான்கு. மற்ற மூன்றும் ஏழு நிமிடத்தைக் கழித்த பின்னரும் தாமதமானவையே. இவளுடையது மட்டும்தான் சரியான நேரத்தில் வந்தது. கதவைத் திறந்தது ஒரு கடிகாரம்; அடைத்தது வேறொரு கடிகாரம். இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

*

அதன்பிறகு அந்தத் தம்பியிடம் பல மாலைகள் பாடம் கேட்டேன். கேட்டதில் எனக்கு விளங்கியவற்றை என் மொழியில் சொல்ல முயல்கிறேன்.

கணினிக்குள் இருப்பதும் நம் கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற ஒரு குவார்ட்சுப் படிகந்தான். மின்சாரம் பாய்ந்தால் அது அதிரும். அதிர்வை எண்ணி நேரம் சொல்வார்கள். கைக்கடிகாரப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்வது. ஆனால் எந்தப் படிகமும் குறித்த எண்ணிக்கையில் துல்லியமாக அதிர்வதில்லை. வெப்பம் கூடினால் மாறும், வயதானால் மாறும். பத்து இலட்சத்துக்குப் பதினைந்து பங்கு பிழை என்பது சாதாரணம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது அல்லவா? ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். பதினைந்து பங்கு பிழை நாளொன்றுக்கு 1.3 விநாடி. ஏறக்குறைய 325 நாளில் அது ஏழு நிமிடம். ஜூன் முதல் மே வரை. எந்த ஒரு நாளிலும் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாத பிழை, நாள்தோறும் ஒன்றேகால் விநாடியாகச் சேர்ந்து, ஒரு பெண்ணின் முகத்தில் கதவை அடைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆகவே ஒரு கடிகாரம் தன்னைத் தானே நம்பக்கூடாது. அடிக்கடி இன்னொரு கடிகாரத்தைக் கேட்க வேண்டும். கேட்பதற்கான நெறிமுறையை என்.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்தது. 1985இல் முதல் வரையறை வெளிவந்தது. மில்ஸ் கண்ணழுத்த நோயோடு பிறந்தவர்; வாழ்வின் இறுதியில் பார்வையை முற்றிலும் இழந்தார்; 2024 ஜனவரியில் மறைந்தார். உலகத்துக் கணினிகளெல்லாம் ஒரே மணி காட்டும்படி செய்தவர் கடைசியில் எந்தக் கடிகாரத்தின் முகத்தையும் பார்க்க இயலாதவராக இருந்தார் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

நேரம் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. பதில் வந்துசேர்வதற்கே நேரம் ஆகிறது. எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. திருச்செந்தூரில் உச்சிக்கால பூசை முடிந்த செய்தி பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டிய பிறகே வீரபாண்டிய கட்டபொம்மன் உணவு கொள்வார் என்றும், அதற்காக வழிநெடுக மணிமண்டபங்கள் கட்டி, ஒரு மணி ஒலித்ததும் அடுத்தது ஒலிக்க ஏற்பாடு செய்திருந்தார் என்றும் இப்பகுதியில் வழிவழியாகச் சொல்வார்கள். கணினி உலகத்திலும் மணிமண்டபங்கள் உண்டு. அணுக்கடிகாரம் சுழிய அடுக்கு. அதனோடு நேரே இணைந்த வழங்கி முதல் அடுக்கு. அதைக் கேட்பது இரண்டாம் அடுக்கு. இப்படிப் பதினைந்துவரை போகலாம். பதினாறு என்றால் யாரோடும் ஒத்திசையாதது என்று பொருள். எங்கள் வழங்கி பதினாறில் இருந்திருக்கிறது.

ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். கடைசி மண்டபத்து மணி ஒலிக்கும்போது திருச்செந்தூரில் பூசை முடிந்து சில நிமிடங்கள் ஆகியிருக்கும். அந்த இடைவெளியை எப்படி அளப்பது? மில்ஸின் வழி இது. என் கடிகாரத்தில் பத்து மணிக்கு ஒரு பையனைத் தெருவின் மறுகோடி வீட்டுக்கு அனுப்புகிறேன். அந்த வீட்டில் அவன் போய்ச்சேர்ந்த நேரம் 9.58 என்று குறிக்கிறார்கள். அங்கிருந்து புறப்பட்ட நேரம் 9.59. என்னிடம் திரும்பியபோது என் கடிகாரத்தில் 10.11. மொத்தம் பதினொரு நிமிடம். அங்கே நின்ற ஒரு நிமிடத்தைக் கழித்தால் நடந்தது பத்து. போக ஐந்து, வர ஐந்து. பத்து மணிக்குப் புறப்பட்டவன் 10.05க்குப் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும், அங்கே 9.58 என்கிறார்கள். ஆகவே என் கடிகாரம் ஏழு நிமிடம் விரைவு. புறப்படும் முன்னரே போய்ச்சேர்ந்த பையன்தான் என் பிழையை எனக்குச் சொல்கிறான்!

இக்கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்று என்று கொள்கிறோம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்றால் கணக்குப் பிசகும். அதற்காகத்தான் ஒருமுறை கேட்டு நிறுத்தாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். விரைந்து சென்று திரும்பிய தூதனின் சொல்லுக்கு மதிப்புக் கூடுதல்.

பிழையைத் திருத்தும் முறையும் என்னைக் கவர்ந்தது. விரைந்து ஓடும் கடிகாரத்தைச் சட்டென்று பின்னுக்குத் திருப்பினால் கணினி குழம்பிவிடும். நடந்து முடிந்த செயல் இனிமேல் நடக்கப்போவதாகப் பதிவாகும். ஆகவே சிறு பிழையாக இருந்தால் கடிகாரத்தின் நடையைத் தளர்த்தி, மெய்யான நேரம் வந்து எட்டும்வரை காத்திருக்கச் செய்வார்கள். ஒரு விநாடிப் பிழையைக் கரைக்க 2,000 விநாடிகள் வேண்டும். எங்கள் பதினொன்றரை நிமிடத்தை அப்படிக் கரைத்திருந்தால் பதினாறு நாள் ஆகியிருக்கும். தம்பி பொறுக்கவில்லை, ஓர் இரவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திருத்திவைத்தார். பிழை ஆயிரம் விநாடிக்குமேல் போய்விட்டாலோ அந்நிரல் திருத்த முயலாமல் தானே நின்றுவிடுமாம்: இது என் அளவைக் கடந்தது, மனிதர் யாரேனும் வந்து பாருங்கள் என்பதுபோல.

*

நேரத்தை ஒன்றாக்கும் வேலை கணினியோடு தொடங்கியதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அமைத்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது; அதில் தமிழ் எழுத்தும் உண்டு. அங்கே கோல்டிங்ஹாம் 1802இல் கணித்த தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட சென்னை நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. தந்திக் கம்பிவழியே அந்த நேரம் ஊர்தோறும் சென்றது. இருப்புப்பாதை அதையே தன் நேரமாகக் கொண்டது. சென்னை அக்காலத்து முதல் அடுக்கு வழங்கி. தந்தி அலுவலகங்கள் மணிமண்டபங்கள்.

1906 ஜனவரி முதல் நாள் இந்தியச் சீர்நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் 8 நிமிடம் 46 விநாடி முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948வரையிலும் பம்பாய் 1955வரையிலும் தம்முடைய பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்தன. அவை சொன்ன நேரம் பிழையன்று. அவ்வவ்வூர்க் கதிரவன் சொன்ன நேரம் அது. ராதாபுரத்துக் கதிரவனைக் கேட்டால், சீர்நேரத்துக்கு ஏறத்தாழ 19 நிமிடம் பிந்தித்தான் சராசரியாக எங்கள் ஊர் உச்சிப்பொழுது வருகிறது. சீர்நேரத்தின் கோடு 82.5 பாகைக் கிழக்கில், மிர்சாப்பூருக்கு அருகே போகிறது. நாங்கள் அதற்கு மேற்கே இருக்கிறோம். நம் கையில் கட்டியிருப்பது எங்கள் ஊர் வெயிலின் நேரமன்று; நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நேரம். ஒப்புக்கொண்டது என்பதுதான் அதன் வலிமை. அந்த ஒப்புதலை இன்று காத்துவருவது புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்து அணுக்கடிகாரங்கள்.

அணுக்கடிகாரம் என்றால் பிழைக்கே இடமில்லை என்று எண்ணியிருந்தேன். அதுவும் இல்லை. நம் நாட்டு வழிகாட்டுச் செயற்கைக்கோள்களில் முதலாவதான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1ஏ, மூன்று அணுக்கடிகாரங்களோடு போனது. மூன்றும் பழுதாகிவிட்டதாக 2017 தொடக்கத்தில் செய்தி வந்தது. செயற்கைக்கோள் வானில்தான் இருந்தது. ஆனால் மணி சொல்லத் தெரியாத கோளால் வழி சொல்ல முடியாது. ஒளி ஒரு நானோ விநாடியில் முப்பது செண்டிமீட்டர் போய்விடுகிறதே! 2023 மே 29இல் என்.வி.எஸ். 01 செயற்கைக்கோள் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரத்தோடு ஏவப்பட்டது. அதை ஏற்றிச்சென்ற ஜி.எஸ்.எல்.வி.யின் கிரயோஜெனிக் எந்திரங்களைச் சோதிக்கும் இடம் எங்களுக்கு வடமேற்கே இருக்கும் மகேந்திரகிரிதான். மலையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் கடிகாரமும் நினைவுக்கு வருகிறது.

*

ஆக, எந்தக் கடிகாரமும் பிசகலாம். அப்படியானால் யாரைத்தான் நம்புவது?

இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் எது மெய் என்று சொல்ல இயலாது. குறைந்தது மூன்று வேண்டும். நான்கு இருந்தால் நல்லது. ஒவ்வொன்றையும் கேட்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்துவைத்து, விலகி நிற்பதைத் தள்ளிவிட வேண்டும். இப்படித் தள்ளப்படும் கடிகாரத்துக்கு மில்ஸின் நெறிமுறையில் வழங்கும் பெயரைத் தமிழில் பொய்மணி எனலாம்.

அச்சொல்லைத் தம்பி சொன்னபோது நான் திடுக்கிட்டேன். முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி வருகிறதல்லவா? நாழிகை வட்டிலில் நீர் இறங்குவதைக் கண்டு, இரவில் இத்தனை நாழிகை கழிந்தது என்று அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை நப்பூதனார் குறிப்பிடுமிடத்தில், பொய்த்தல் அறியாதவர் என்ற பொருளில் அவர்களுக்கு அடைமொழி கொடுக்கிறார். இருபது ஆண்டுகளாக அதை நடத்துகிறேன். வெறும் சிறப்படை என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். நேரம் சொல்பவனுக்கு வலிமையும் கல்வியும் இருக்க, பொய்யாமை ஏன் முதல் தகுதியாக வேண்டும் என்று ஒருநாளும் மாணவர்களைக் கேட்டதில்லை, என்னையும் கேட்டுக்கொண்டதில்லை. படை முழுவதும் அந்தச் சொல்லைக் கொண்டுதான் காவல் மாறும். வட்டிலை வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. நேரம் சொல்வது சான்று சொல்வது. அந்தப் பெண்ணின் கைபேசியும் எங்கள் வழங்கியும் எதிரெதிரே நின்ற இரு சான்றாளர்கள். ஒரு சான்றாளரை விசாரிக்காமலேயே நான் தீர்ப்பெழுதினேன்.

இத்தனைக்கும் உண்மைக்கு அருகில் இருந்தது அவளுடைய சான்றாளர்தான். தானியங்கி முறையில் விட்டுவைத்த கைபேசி, தன் நேரத்தைக் கோபுரத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறது. கடிகாரத்தை ஒருவரும் தொடாதவரை பெரிதாகப் பிசகுவது அரிது. மூன்றாவதாக ஒரு சான்று வேண்டும் என்றால், அவள் அனுப்பி முடித்ததும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் போட்ட ஒருவரிச் செய்தி இருந்தது. மூன்றில் இரண்டு ஒத்துப்போயிருக்கும். பொய்மணி எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எது முன், எது பின் என்ற கேள்வி மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. 2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்க வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றுபோனது. எந்தக் கம்பி முதலில் அறுந்தது, அதனால் எது விழுந்தது என்று ஆராயப் புகுந்தவர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது, பல நிலையங்களின் பதிவுக் கருவிகள் ஒரே நேரத்தில் ஓடாமல் இருந்ததுதான். நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அந்த விசாரணை அறிக்கை ஒரு பாடமாகவே எழுதிவைத்தது. எங்கள் ஊர்க் காற்றாலைகளும் கூடங்குளமும் கலக்கின்ற மின்வலை விநாடிக்கு ஐம்பது சுற்று சுழல்கிறது; அதில் ஒரு மில்லி விநாடி என்பது பதினெட்டுப் பாகை. இங்கே கடிகாரம் பிசகினால் குற்றவாளி மாறிவிடுவான்.

நம் நாட்டில் இதை விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 28இல் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அமைப்புகளும் தம் கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு, அல்லது அவற்றின்வழி நேரம் பெறும் வழங்கிகளோடு இணைக்கச் சொல்கிறது. பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நாங்கள் ஓராண்டு முந்திப் பட்டு அறிந்ததை ஆணை பிந்தி வந்து சொன்னது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கூகுள் நிறுவனத்தார் 2012இல் விளக்கிய ஒரு முறை. உலகெங்கும் பரவிய அவர்களுடைய வழங்கிகளில் ஒன்றிடம் மணி என்ன என்று கேட்டால், ஒரு நேரத்தைச் சொல்லாதாம். இந்தக் கணத்துக்கு முன்னதாக இல்லை, அந்தக் கணத்துக்குப் பின்னதாகவும் இல்லை என்று இரு எல்லைகளைச் சொல்லும். இரண்டு செயல்களில் எது முந்தியது என்பதில் ஐயம் இருந்தால், அந்த ஐயம் தீரும் அளவுக்குக் காத்திருந்த பிறகே எழுதிவைக்கும். காத்திருப்பது சில மில்லி விநாடிதான். அந்தச் சில மில்லி விநாடி அடக்கம் எனக்கு அன்று இருந்திருக்கலாம்.

*

டிசம்பரில் உண்மை தெரிந்ததும் நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் பட்டியலைத் திருத்தக் கோரி இரண்டு கடிதங்கள் எழுதினேன். தம்பியின் கணக்கையும் பதிவேட்டு நகல்களையும் இணைத்தேன். முடித்து அனுப்பப்பட்ட பருவத்தின் பட்டியலை மீண்டும் திறக்க இயலாது என்று பதில் வந்தது. கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பக்கூடாது என்பது இங்கேயும் விதி போலும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தந்தை இரவுக் காவல் முடிந்து உறங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன், என் தவறு என்று சொன்னேன். அவர், "அதுக்கென்ன சார், மெசின்தான?" என்றார். தொலைவிலிருந்து ஓர் ஆசிரியர் தம் வீடுதேடி வந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அது என்னை மேலும் கூசச்செய்தது.

அவள் கதவருகே நின்றிருந்தாள். கோபம் இல்லை. மெல்லிய குரலில் இதை மட்டும் சொன்னாள்: "ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டான்னு கேட்டேன் ஐயா. நீங்க வேண்டாம்னுட்டீங்க."

அதற்கு என்னிடம் அன்றும் மறுமொழி இல்லை, இன்றும் இல்லை. அவள் பட்டப்படிப்பை முடித்தபோது முதல் வகுப்பை மிகச் சிறிய இடைவெளியில் தவறவிட்டாள். அந்தத் தேர்வின் மதிப்பெண் இருந்திருந்தால் தவறியிருக்காது. கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அன்று, பலமுறை.

இப்போது எங்கள் வழங்கிகள் மூன்றும் நான்கு இடங்களைக் கேட்டு நேரம் பெறுகின்றன. எதுவேனும் ஒரு விநாடி விலகினால் தம்பியின் கைபேசிக்குச் செய்தி போகும். இறுதி நேரத்துக்குப்பின் பதினைந்து நிமிடத்துக்குள் வருகின்ற விடைத்தாளை இயந்திரம் தள்ளுவதில்லை. ஓர் ஆசிரியர் மாணவரை அழைத்துக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். இந்த விதியையும் எழுதிய குழுவில் நான் இருந்தேன்.

முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் வரும் இடத்தை அடையும்போது வகுப்பில் ஒரு காரியம் செய்கிறேன். எல்லோரையும் தத்தம் கைபேசியைப் பார்த்து மணி சொல்லச் சொல்வேன். பெரும்பாலும் ஒன்றாகவே சொல்வார்கள். எப்போதாவது ஒருவன் மட்டும் மாறிச் சொல்வான், வகுப்பு சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. அவனருகே போய், "எங்கே அப்பா, காட்டு பார்ப்போம்" என்று கைபேசியை வாங்கிப் பார்க்கிறேன்.